வெளியே ஓடும் கண்ணும் அதைத் துரத்திய கத்தியும்

புனே நகரம் தென்கிழக்கே வளர்ந்தபோது தனக்குள் இழுத்துக்கொண்ட ஊர்களில் கோந்த்வாவும் ஒன்று. கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று சின்னதும் பெரியதுமாக இரண்டு கிராமங்கள் இருந்த இடம் இப்போது முழுக்க அடுக்குமாடி. அதை ஒட்டியுள்ள முகம்மதுவாடியில், பூனா பிளைண்ட் மென்ஸ் அசோசியேஷன் நடத்தும் எச்.வி. தேசாய் கண் மருத்துவமனை இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு கண் வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று தெரிந்தால் அந்த வட்டாரத்துப் பெற்றோர் அழைத்துப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட மருத்துவமனைகளில் குழந்தைகளைச் சோதிக்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குழந்தையை அம்மா மடியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவர்ப் பக்கம் ஒரு பொம்மையை ஒளிரவிடுவார்கள். குழந்தை அதைப் பார்க்கும். இரண்டு விழியும் நேராகவே நிற்கும். டாக்டர் ஒரு கறுப்பு மறைப்பை இடக்கண் முன்னால் சில நொடி பிடித்து, பிறகு எடுப்பார். மறைப்பு விலகியதும் பார்த்தால் விழி காதுப்பக்கம் ஒதுங்கி நிற்கும். குழந்தை ஒருமுறை கண் சிமிட்டும், விழி வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்துவிடும். இதுதான் விட்டுவிட்டு வரும் வெளி மாறுகண். களைப்பிலும் காய்ச்சலிலும், எதையோ யோசித்தபடி வெறித்துப் பார்க்கும்போதும் இது தலைகாட்டும். வெயிலில் இறங்கினால் இந்தக் குழந்தைகள் ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்கள். ஐரோப்பியக் குழந்தைகளிடம் உள்நோக்கிச் சாயும் கண்தான் அதிகம். ஆசியக் குழந்தைகளிடம் வெளியே ஓடும் கண் அதைவிட அதிகம்.

அறுவை சிகிச்சை என்றதும் "கண்ணை வெளியே எடுத்துத்தான் பண்ணுவாங்களா?" என்று தாத்தா பாட்டிகள் கலங்கிப்போய்க் கேட்பார்கள். கண் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். கத்தி அதன் உள்ளே நுழைவதும் இல்லை. விழிக்கோளத்தின் மேல் ஒட்டியிருக்கும் தசைகளில்தான் எல்லா வேலையும். ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் திருப்புகின்றன. பக்கவாட்டில் இருக்கும் இரண்டும் வண்டிமாட்டின் இரு பக்கக் கயிறுகளைப் போல. வெளிப்பக்கக் கயிற்றைத் தளர்த்தினாலும், உட்பக்கக் கயிற்றைச் சுருக்கினாலும் விழி மூக்கை நோக்கித் திரும்பும். இதைச் சொல்வது எளிது. எவ்வளவு தளர்த்துவது, எவ்வளவு சுருக்குவது என்று கற்றுக்கொள்ள உலகத்துக்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. அந்தக் கதையில் எனக்குப் பெரிய வியப்பு இதுதான்: வெளியே ஓடும் கண்ணுக்கான அறுவையின் பாதி, உள்ளே சாய்ந்த கண்ணைத் திருத்தப்போய்க் கெடுத்ததிலிருந்து பிறந்தது. அதன் தூரத்து முன்னோர்களில் ஒருவர் புனேக்காரர்.

மாறுகண் குடும்பத்தில் தொடரும் என்பது ஹிப்போகிரேட்டஸ் காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. என்ன செய்வது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். 7ஆம் நூற்றாண்டில் ஏகினா தீவின் பால் என்ற மருத்துவர், மாறுகண் குழந்தைகளுக்கு நடுவே துளையிட்ட முகமூடி போடச் சொன்னார். விழி துளையைத் தேடி நேராகும் என்பது கணக்கு. ஒன்பது நூற்றாண்டு கழித்து, 1583இல், ஜெர்மனியில் கியோர்க் பார்ட்டிஷ் வெளியிட்ட பெரிய கண் மருத்துவ நூலிலும் அதே முகமூடி படத்தோடு வருகிறது. நல்ல கண்ணை மறைத்துச் சோம்பேறிக் கண்ணை உழைக்கவைக்கும் யோசனையைப் பாக்தாதில் தாபித் இப்னு குர்ரா 9ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். இயற்கை விஞ்ஞானி புஃபோன் 1743இல் பாரிஸில் அதையே மறுபடி எடுத்துவைத்தார். இன்று குழந்தைகளின் கண்ணில் ஒட்டும் பேட்ச் அந்த வழியில் வந்ததுதான். அட்லாண்டிக்குக்கு அப்பால் மாயா மக்களோ மாறுகண்ணை அழகாக மதித்தார்கள். குழந்தையின் நெற்றியில் ஒரு மணியைத் தொங்கவிட்டு, கண் உள்ளே சாயட்டும் என்று காத்திருந்ததாக ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தெ லாந்தா எழுதியிருக்கிறார்.

நம் பக்கம் சுஸ்ருத சம்ஹிதை 76 கண்நோய்களைக் கணக்கிட்டது, சித்த மருத்துவ மரபு 96 என்றது. கண்புரையை ஊசியால் தள்ளிவிடும் வித்தை இந்த மண்ணில் மிகப் பழையது. தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்களின் வண்ண ஓவியங்களோடு எழுதிவைக்கச் செய்தார். அந்தத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. அவருடைய போன்ஸ்லே குலத்தின் பழைய ஜாகீரே புனேதான் என்பது இந்தக் கதைக்குக் கூடுதல் சுவை. சரபோஜி 1832இல் காலமானார். மாறுகண் தசையில் நம்பத்தக்க ஒரு கத்தி படுவதற்கு இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன.

நம்பத்தகாத கத்தி மட்டும் முன்பே ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. ஆங்கிலேயரான ஜான் டெய்லர், கண்கள் வரைந்த கோச்சு வண்டியில் ஐரோப்பா முழுக்கச் சுற்றிய வித்தைக்காரர். சந்தைவெளியில் நீண்ட சொற்பொழிவு ஆற்றிவிட்டு, மாறுகண்ணை நொடியில் சரிசெய்வதாக அறிவிப்பார். கண்ணின் மேல்தோலில் லேசாக ஒரு கீறல் போட்டுவிட்டு நல்ல கண்ணைக் கட்டிவிடுவார். நல்ல கண் மூடியிருந்தால் மாறுகண் தானாகவே நேராகப் பார்க்கும், கூட்டமும் கைதட்டும். கட்டை அவிழ்க்கும் நாளில் டெய்லர் அடுத்த நாட்டில் இருப்பார். இசைமேதை பாஹின் கண்களை 1750இல் அறுத்தவரும் இவரே. பாஹ் சில மாதங்களில் பார்வையற்று இறந்தார். ஹாண்டெலும் இவர் கையில் சிக்கினார். இருந்தாலும் டெய்லர் ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார்: மாறுகண்ணின் மர்மம் விழிக்குள் இல்லை, அதை இழுக்கும் தசையில் இருக்கிறது என்று அவர் பேசியும் எழுதியும் வந்தார். அந்தத் தசையைத் தொடும் துணிவும் திறமையும் அவரிடம் இல்லை.

அந்தத் துணிவு ஐரோப்பாவுக்கு மூக்கு வழியாக வந்தது. 1792இல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய ஒரு மராத்தியர் திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கவாஸ்ஜி என்று ஆங்கிலப் பதிவுகள் அவரைக் குறிக்கின்றன. ஒரு வருடத்துக்கு மேல் மூக்கில்லாமல் திரிந்தவருக்கு, புனே அருகே செங்கல் சூளைக் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை வெட்டித் திருப்பி இறக்கிப் புது மூக்கு வைத்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கில மருத்துவர்கள் இருவர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அப்போது பேஷ்வா தலைநகரில் இருந்த ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் கவாஸ்ஜியைப் படமாக வரைந்தார். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மாகசின்' செய்தியைப் படத்தோடு அச்சிட்டது. மூக்கு வைத்த கைக்குரியவரின் பெயரை எழுதிவைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு லண்டனில் ஜோசப் கார்ப்யூ பிணங்களின்மீது பல ஆண்டுகள் பழகினார். 1814இல் மூக்கிழந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு அதைச் செய்து, 1816இல் புத்தகமாக்கினார். புத்தகம் ஜெர்மன் மொழிக்குப் போனது. பெர்லின் பல்கலைக்கழகத்தின் அறுவைத் துறைத் தலைவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிரேஃபெ புனே முறையையும் பழைய இத்தாலிய முறையையும் சேர்த்துப் பயின்று 1818இல் தன் நூலை வெளியிட்டார். அதே பெர்லினில் இந்திய மூக்கு முறையைக் கையில் எடுத்து அதில் எல்லோரையும் மிஞ்சியவர் யோஹான் ஃபிரீட்ரிஷ் டீஃபென்பாக். உதடு, கன்னம், இமை என்று முகத்தில் எது சிதைந்தாலும் அவரைத் தேடி வருவார்கள். மூக்கு அறுவைதான் மாறுகண் அறுவையாக மாறியது என்று நான் சொல்லவரவில்லை. தோலையும் தசையையும் வெட்டி இடம் மாற்றினால் முகத்தின் விதியையே மாற்றலாம் என்ற நம்பிக்கை அந்தக் கைகளில் ஏறியது புனே வழியாகத்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

தசைநாணை அறுக்கலாம் என்ற யோசனை வேறொரு தடத்தில், ஒரு வளைந்த பாதத்தின் மேல் ஏறி வந்தது. ஹானோவரில் லூயிஸ் ஸ்ட்ரோமேயர் வளைந்த பாதங்களின் குதிகால் நாணைச் சிறு துளை வழியே அறுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். லண்டன் இளைஞர் வில்லியம் ஜான் லிட்டிலுக்குச் சிறுவயதில் வந்த நோயால் ஒரு பாதம் வளைந்திருந்தது. டாக்டரான அவர் 1836இல் ஹானோவருக்குப் போய்த் தன் காலை ஸ்ட்ரோமேயரிடம் ஒப்படைத்தார். நிமிர்ந்த காலோடு அவர் பெர்லினுக்கு வந்தபோது டீஃபென்பாக் அந்தக் காலைப் பார்த்து அசந்துபோய், தானும் நாண்களை அறுக்கத் தொடங்கினார். 1838இல் ஸ்ட்ரோமேயர் பிணங்களின் கண்தசையை அறுத்துப் பார்த்து, மாறுகண்ணுக்கும் இது உதவும் என்று எழுதினார். உயிருள்ள கண்ணில் அவர் செய்து பார்க்கவில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் கிப்சன், தான் 1818இலேயே இதை முயன்றதாகவும் பெரியவர் ஒருவர் தடுத்ததால் விட்டுவிட்டதாகவும் பின்னால் சொன்னார்.

1839 அக்டோபர் 26. பெர்லினில் ஏழு வயதுப் பையன். கண் உள்ளே சாய்ந்திருந்தது. டீஃபென்பாக் மூக்குப்பக்கத் தசையைக் கொக்கியால் தூக்கிக் கத்தரித்தார். விழி நேரானது. மயக்க மருந்து வர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்த காலம் அது. உதவியாளர்கள் தலையையும் கைகளையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அறுப்பவர் ஓரிரு நிமிடங்களில் முடிக்க வேண்டும். மூன்றே நாள் கழித்து, அக்டோபர் 29இல், பெல்ஜியத்தில் ஃப்ளோரான் குனியே அதைச் செய்தார். முதலில் செய்தவர் யார் என்ற சண்டை உடனே தொடங்கிவிட்டது.

அடுத்து வந்தது பைத்தியக்காரத்தனமான ஒரு மோகம். 1840இலேயே லண்டனில் இதற்கென்று தனிப் புத்தகங்கள் வந்துவிட்டன. பாரிஸ், நியூயார்க், பாஸ்டன் எங்கும் கத்தரிக்கோல்கள் முளைத்தன. டீஃபென்பாக் தாம் செய்த அறுவைகள் 1,200 என்று 1842இல் எழுதினார். திக்குவாய்க்காரர்கள் சிலருக்கு மாறுகண்ணும் இருப்பதைக் கவனித்தவர், நாக்கின் தசைக்கும் இதே வைத்தியம் என்று தீர்மானித்து 1841இல் திக்குவாய்க்கு நாக்கின் வேரை அறுக்கத் தொடங்கினார். அதையும் ஐரோப்பா முழுக்கப் பார்த்துச் செய்தார்கள். ரத்தமும் வலியும் மிஞ்சின, பேச்சு மட்டும் திருந்தவில்லை. அந்த அறுவை விரைவிலேயே மறைந்தது.

கண் அறுவை மறையவில்லை. ஆனால் அதற்கும் ஒரு கணக்குத் தீர்க்கும் நாள் வந்தது. டீஃபென்பாக் தசையின் நடுவயிற்றை முழுதாகக் குறுக்கே வெட்டினார், தைக்கவில்லை. வெட்டுண்ட தசை கண்குழியின் ஆழத்துக்குச் சுருண்டு போய்விடும். எதிர்ப்பக்கத் தசைக்கு ஈடு கொடுக்க ஆளில்லை. சில வாரங்களில், சிலருக்குச் சில வருடங்களில், விழி மெல்ல வெளியே போகத் தொடங்கும். மூக்கோரம் குழிந்து, விழி முன்தள்ளி நிற்கும். உள்ளே சாய்ந்த கண்ணோடு வந்தவர்கள் வெளியே ஓடும் கண்ணோடு நின்றார்கள், அந்தக் கண்ணை மூக்குப்பக்கம் திருப்பவும் அவர்களால் முடியவில்லை. வெளி மாறுகண்ணை ஒரு தலைமுறை மருத்துவர்கள் தங்கள் கையாலேயே உண்டாக்கிவிட்டார்கள்.

இந்தத் தவறைச் சரிசெய்யத்தான் வெளி மாறுகண் அறுவை கண்டுபிடிக்கப்பட்டது. பாரிஸில் ஜூல் கெரான் 1849இல் தொலைந்த தசையைத் தேடியெடுத்து முன்னுக்குக் கொண்டுவரும் ஒரு முறையைச் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் ஒரு நூலைக் கோத்து விழியை வெளியிலிருந்து இழுத்துக் கட்டிவைத்து, தசை புது இடத்தில் ஒட்டும்வரை காத்திருப்பது அது. 1850களில் லண்டனில் ஜார்ஜ் க்ரிட்செட் தசையையே நூலால் முன்பக்கம் தைத்தார். அதுவரை மாறுகண் வைத்தியம் என்றால் இழுக்கும் தசையைப் பலவீனப்படுத்துவது மட்டும்தான். தளர்ந்த தசையைப் பலப்படுத்துவது என்ற இரண்டாவது பாதி இங்கேதான் சேர்ந்தது. கோந்த்வாவிலும் மதுரையிலும் இன்று உட்பக்கத் தசையைச் சுருக்கித் தைக்கும் ஒவ்வொரு அறுவையும் அந்தப் பாதியின் வாரிசு.

கத்தியின் வெறியைத் தணித்தவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபெ. புனே மூக்கைப் பற்றிப் படித்த அந்த மூத்த கிரேஃபெயின் மகன். 1840இல் தந்தை இறந்தபோது பையனுக்கு 12 வயது. தந்தையின் நாற்காலியில் உட்கார்ந்தவர் டீஃபென்பாக். வளர்ந்து கண் மருத்துவரான மகன், டீஃபென்பாக் வெட்டிய இடத்தை மாற்றினார். தசையின் வயிற்றை விட்டுவிட்டு, அது விழியில் ஒட்டும் நாணை மட்டும், அளவு பார்த்து விடுவிக்கச் சொன்னார். சுற்றியுள்ள சவ்வுகள் தசையைப் பிடித்துக்கொள்வதால் அது தொலைந்துபோகாது. 42 வயதில், 1870இல், காசநோயில் அவர் இறப்பதற்குள் கண் மருத்துவம் தனித் துறையாகிவிட்டது.

கத்தியே வேண்டாத மாறுகண்கள் உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தூரப்பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகள் எழுத்தைத் தெளிவாக்க முயலும்போதே கண் உள்ளே சாய்கிறது, கண்ணாடி போட்டால் நேராகிறது என்று ஹாலந்தின் டாண்டர்ஸ் 1864இல் விளக்கினார். பிரான்ஸில் எமில் ழவால் தன் தங்கையின் மாறுகண்ணால் இந்தத் துறைக்கு வந்தவர். இரு கண்களின் படங்களை மூளை ஒன்றாக்குவதைக் காட்ட 1838இல் வீட்ஸ்டன் செய்திருந்த ஸ்டீரியோஸ்கோப்பை எடுத்துக் கண்பயிற்சிக் கருவியாக்கினார். அறுவைக்கு முன்னும் பின்னும் இன்று செய்யப்படும் பயிற்சிகள் அங்கிருந்து வந்தவை.

வலிக்கு விடை கப்பலில் வந்தது. ஆஸ்திரியாவின் நோவாரா என்ற போர்க்கப்பல் 1857இல் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டது. 1858 தொடக்கத்தில் இலங்கையின் காலியிலும் பிறகு சென்னையிலும் நங்கூரமிட்டு, நிக்கோபார் வழியே கிழக்கே போனது. அந்தப் பயணக் குழுவின் கார்ல் ஷெர்ட்சர் திரும்பும் வழியில் பெருவிலிருந்து கோகோ இலைகளைக் கொண்டுவந்தார். இலைகள் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போய், அங்கே ஆல்பர்ட் நீமன் 1860இல் கோகேயினைப் பிரித்தெடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது என்னவென்று தெரியாத மருந்தாகவே இருந்தது. 1884இல் வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், நாக்கு மரத்துப்போவதைக் கவனித்துத் தவளையின் கண்ணிலும் பிறகு தன் கண்ணிலும் ஒரு சொட்டு விட்டார். குண்டூசியால் தொட்டுப் பார்த்தால் வலிக்கவில்லை. ஹைடல்பர்க் மாநாட்டுக்குப் போக அவரிடம் காசில்லை. கட்டுரையை அங்கே வாசித்தவர் பிரெட்டவர், நோவாரா புறப்பட்ட அதே திரியெஸ்தே ஊர்க்காரர். பெரியவர்களுக்கு மாறுகண் அறுவை விழித்த நிலையிலேயே வலியில்லாமல் சாத்தியமானது அதன் பிறகுதான். குழந்தைகளுக்கு முழு மயக்கமே வழி, இன்றும் அப்படித்தான்.

முழு மயக்கத்திலும் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. விழியை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1908இல் வியன்னாவின் அஷ்னரும் போலோனாவின் தக்னீனியும் தனித்தனியே கண்டார்கள். கண்தசையைக் கொக்கியில் இழுத்தாலும் அதுவே நடக்கும். அறுவை அறையில் மானிட்டரின் 'டிக் டிக்' ஓசை திடீரென்று மெதுவாகும். "விடுங்க டாக்டர்" என்பார் மயக்க மருத்துவர். கொக்கியைத் தளர்த்தினால் ஓசை பழைய வேகத்துக்கு வந்துவிடும். வராவிட்டால் அட்ரோபின் ஊசி. நம் வேலியோரத்து ஊமத்தையில் இருக்கும் அதே பொருள்.

20ஆம் நூற்றாண்டின் வேலை அளவெடுப்பது. கோணலை அளக்கும் அலகைக் கொடுத்தவர் டாக்டர்கூட இல்லை, நியூயார்க்கில் கண்ணாடி விற்ற சார்ல்ஸ் பிரெண்டிஸ். ஒரு மீட்டர் தூரத்தில் ஒளியை ஒரு சென்டிமீட்டர் விலக்கும் பட்டகத்துக்கு 'ஒரு பிரிஸம் டயாப்டர்' என்று 1890இல் வைத்தார். தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்ற கேள்விக்கு 1922இல் புரூக்ளினின் ஜேம்சன் வழிகாட்டினார். நாணை அறுத்து அதுவாகவே ஒட்டட்டும் என்று விடாமல், அளந்த தூரத்துக்குப் பின்னால் விழியின் வெள்ளைச் சுவரிலேயே தைத்துவிட்டார். அதிலிருந்து கோணலும் மில்லிமீட்டரும் ஒரே அட்டவணையில் வந்தன. வாஷிங்டனின் மார்ஷல் பார்க்ஸ் பரப்பிய அட்டவணையின்படி 25 பிரிஸம் டயாப்டர் வெளி மாறுகண் என்றால் இரு கண்ணிலும் வெளிப்பக்கத் தசையை 6 மி.மீ. பின்னுக்கு நகர்த்த வேண்டும். 40 என்றால் 8 மி.மீ.

மேசையருகே நின்று பார்த்தால் அந்த மில்லிமீட்டர்களின் அருமை புரியும். வெளிப்பக்கத் தசை கருவிழி ஓரத்திலிருந்து சுமார் 7 மி.மீ. தள்ளி ஒட்டியிருக்கும். மேல்சவ்வைச் சிறிது திறந்து, வளைந்த கொக்கியைத் தசைக்கு அடியில் செலுத்தித் தூக்குவார்கள். இளஞ்சிவப்பு நாடாபோல் தசை எழும்பி வரும். நாணின் இரு ஓரத்திலும் தலைமுடியைப்போல் மெல்லிய, தானே கரையும் நூலைக் கோத்துப் பூட்டிவிட்டுத்தான் நாணை வெட்டுவார்கள். டீஃபென்பாக் காலத்துப் பாடம் இது, தசை இனித் தொலையாது. பிறகு காலிப்பரில் அளந்து விழிச்சுவரில் குறியிடுவார்கள். தசை ஒட்டும் இடத்துக்குப் பின்னால் அந்தச் சுவரின் தடிமன் வெறும் 0.3 மி.மீ. தட்டையான ஊசி அந்தச் சுவருக்குள்ளேயே படுத்தவாறு போய் வெளியே வர வேண்டும். ஊசியின் நிழல் சுவர் வழியே தெரிந்துகொண்டே இருக்கும், அதுதான் வழிகாட்டி. இன்னும் சற்று ஆழம் போனால் விழிக்குள் துளை.

நூலுக்கும் ஒரு பயணம் உண்டு. ஆட்டுக்குடலில் செய்த கேட்கட்டுக்குப் பதிலாக 1970களில் செயற்கையான கரையும் நூல் வந்தது. வெளிநாட்டு நூலின் விலை தர்ம ஆஸ்பத்திரிகளைத் திணறடித்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் தொழிற்சாலையை நிறுவியது. முதலில் கண்புரைக்கான லென்ஸ், பிறகு கண் தையல் நூலும் ஊசியும் மலிவாக மதுரையிலேயே தயாராயின.

கத்தியிலிருந்து தப்பிக்கும் ஆசையும் விட்டுப்போகவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்மித்-கெட்டில்வெல் நிறுவனத்தில் ஆர்தர் ஜாம்போல்ஸ்கி 1970களில், நூலை இறுதியாக முடிச்சுப் போடாமல் விட்டு, நோயாளி விழித்த பிறகு நேராக்கி முடியும் முறையைப் பரப்பினார். பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. அதே கட்டடத்தில் ஆலன் ஸ்காட், தசையை வெட்டாமல் மருந்தால் தற்காலிகமாகத் தளர்த்த முடியுமா என்று தேடினார். அவருக்குக் கிடைத்தது ஒரு கொடிய விஷம். 1820களில் ஜெர்மன் கவிஞரும் மருத்துவருமான கெர்னர் கெட்டுப்போன தொத்திறைச்சியில் கண்ட விஷம் அது. 1895இல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஓர் இறுதிச் சடங்கில் வாசித்துவிட்டு உப்பிட்ட பன்றித்தொடை சாப்பிட்ட இசைக்குழுவினர் விழுந்தபோது, பேராசிரியர் ஃபான் எர்மெங்கெம் அந்தக் கிருமியைப் பிடித்தார். ஸ்காட் குரங்குகளின் கண்தசையில் அதைத் துளியிலும் துளியாகச் செலுத்திய முடிவுகள் 1973இல் வெளிவந்தன. 1980இல் மனிதர்களில் கண்ட முடிவு வந்தது, 1989இல் அமெரிக்க அனுமதி. கனடாவில் இமைத் துடிப்புக்கு அந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் நெற்றிச் சுருக்கம் மறைந்ததைக் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸ் கவனித்தார். இன்று நடிகர்களின் நெற்றியில் இறங்கும் போடாக்ஸ் மாறுகண்ணுக்காகத் தேடப்பட்ட மருந்து. வெளியே ஓடும் கண்ணுக்கு மட்டும் அது தசை அறுவையின் இடத்தைப் பிடிக்கவில்லை.

வெளிப்பக்கத் தசைகள் இரண்டையும் தளர்த்துவதா, ஒரே கண்ணில் ஒன்றைத் தளர்த்தி ஒன்றைச் சுருக்குவதா என்ற வாதம் பல தலைமுறையாக நடந்தது. அமெரிக்காவின் குழந்தைக் கண் மருத்துவ ஆய்வுக் குழு இரண்டையும் 197 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2019இல் முடிவைச் சொன்னது. மூன்றாண்டு முடிவில் முதல் முறையில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கும், இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவர்களுக்கும் விளைவு திருப்தியாக இல்லை. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்கே சிறியது. அறுவை இல்லாமல் கவனித்து மட்டும் வந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு மூன்றாண்டில் நிலைமை மோசமாகவில்லை என்றும் அதே குழு கண்டது. ஆகவே நல்ல மருத்துவர் உடனே தேதி கொடுக்கமாட்டார். கண் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடுகிறது, ஆழம் உணரும் திறன் குறைகிறதா என்று சில மாதங்கள் பார்ப்பார். வீட்டில் இருக்கும் பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொல்வார். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று காலம் கடத்துவது மட்டும் கூடாது, பார்க்காமல் விட்ட கண் மங்கிப்போகலாம். வளர்ந்தவர்களுக்கும் அறுவை உண்டு. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலிலும் மாறுகண் திருத்தத்துக்கு இடம் இருக்கிறது.

கண் மறுபடி ஓடினால் மறுபடி அறுவை செய்யலாம். அப்போது மருத்துவர் முதலில் கேட்பது பழைய டிஸ்சார்ஜ் சீட்டை. எந்தக் கண், எந்தத் தசை, எத்தனை மில்லிமீட்டர் என்ற மூன்று விவரமும் அதில் இருந்தால் தொடாத தசையைத் தேர்ந்தெடுக்கலாம், தொட்ட தசையைத் தழும்புக்குள் தேடி அலைய வேண்டாம். இருபது வருடம் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவரிடம் போனாலும் அந்தச் சீட்டு பேசும். லேமினேட் செய்து, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துவிடுவது நல்லது.